மாணிக்கம் தன் விசையை நிறுத்தவில்லை

சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சர்க்கரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆரணியிலேயே முதல் தரமான சர்க்கரையாகத்தான் இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டு வந்தேன். மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தில் உன் கல்யாணச் செய்தி, இரண்டாம் பக்கத்தில் பெண் நம்ம ஏகாம்பரத்தின் மகள் மல்லிகா என்ற சேதி, இரண்டையும் படித்துவிட்டுத் தெருவே கேட்கும்படி சிரித்தேன். பிறகு கடைசி வரிக்கு வந்தேன். துபாயிலிருந்து உன் அப்பா வருகிறார், மணமேடையில் அப்பாவாக நிற்க ஆசைப்படுகிறார், அதனால் "அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் நல்லது, தப்பாக நினைக்காதீர்கள் சித்தப்பா" என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். பெரிய விஷயத்தை எல்லாம் நீ சின்ன எழுத்தில்தான் எழுதுவாய். கணக்கில் தோற்றதையும் அப்படித்தான் எழுதினாய். ஒதுங்குகிறேனா இல்லையா என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். சொல்ல மாட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் கையில் பேனா கிடைத்தால் ஒரு வரியோடு விடுவானா? இதைத் தபாலில் போடும் முன் நம் தறிக் கொட்டகையில் உரக்கப் படித்துக் காட்டப் போகிறேன். ஊருக்குத் தெரியாமல் உனக்கும் எனக்கும் நடுவில் எதுவும் இருந்ததில்லை, இதுவும் இருக்க வேண்டாம்.

என் புருவத்தில் இருக்கும் வெட்டு உனக்கு நினைவிருக்கும். நீ வேலூரில் ஹாஸ்டலில் இருந்தபோது பட்டது. லீவில் வந்து கேட்டாய், சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். நான் சைக்கிளிலிருந்து விழுவேனா? ஒரு கையை விட்டு, இன்னொரு கையில் உன்னைத் தூக்கிக்கொண்டு, மழையில் ஆற்றுப்பாலம் கடந்தவன் நான். அந்த வெட்டு ஒரு காதல் கதையால் வந்தது. உன் வருங்கால மாமனாருக்கு முன்பல் இரண்டு இல்லாமல் போனதும் அதே கதையால்தான். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் நீ அந்த வீட்டு மாப்பிள்ளையாகக் கூடாது.

நம் கொட்டகையில் ஒரு பழக்கம் உண்டு, நீ பார்த்திருக்கிறாய். வாரப் பத்திரிகை வருகிற நாளில் ஒருவன் தறியில் இறங்க வேண்டாம்; பலகை போட்டு உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படிக்க வேண்டும். அவன் அன்றைக்கு நெய்ய வேண்டியதை மற்றவர்கள் அவன் தறியில் மாறி மாறி இறங்கி ஆளுக்குக் கொஞ்சமாக நெய்து சரிக்கட்டிவிடுவார்கள். படிக்கிற ஆள் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள், என் குரலுக்கு? கேட்கிறவர்களின் மனசு அப்படியே துணியில் இறங்கும். சண்டைக் கட்டம் படித்தால் அடி பலமாக விழுந்து, குறுக்கு இழை, அதாவது ஊடை, இறுகிப்போகும். காதலன் காதலி கையைப் பிடித்தால் தளர்ந்துவிடும். அந்த வருஷத்துப் புடவை ஒன்றை என் கையில் கொடு, எந்த இடத்தில் ராக்கெட் கிளம்பியது, எந்த இடத்தில் நாயகி அழுதாள் என்று விரலால் தடவியே சொல்லிவிடுவேன்.

ஆமாம், ராக்கெட். அதுவரை நாங்கள் கேட்டதெல்லாம் ராஜா கதை, துப்பறியும் கதை. அந்த வருஷம் வந்தது 'மூன்றாம் நிலாவின் மருமகள்' என்று ஒரு விஞ்ஞானக் காதல் தொடர். இன்னும் இருநூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. மனிதர்கள் செய்துவைத்த ஒரு நிலாவில் சந்திரிகா என்று ஒரு பெண். அவளுக்குக் கதிர் என்று ஒரு காதலன். அவன் நட்சத்திரத்துக்கு ராக்கெட்டில் போகிறான். அந்த வேகத்தில் போகிறவனுக்கு வயது ஏறாதாம், இங்கே இருப்பவர்களுக்கு ஏறுமாம். அது எப்படி என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியும், எழுதினால் பக்கம் போதாது. அவன் போன பிறகு அவளுக்குத் துணை ஓர் இயந்திர மனிதன். பத்திரிகையில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். எனக்குப் பொறுக்கவில்லை. கூட இருந்து வேலை செய்கிற ஒருத்தனுக்குப் பெயர் வைக்காமல் விடுவார்களா? மாணிக்கம் என்று நான் பெயர் வைத்தேன்.

வைத்தது பெயர் மட்டுமா? எழுதினவர் மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருப்பார், குழித்தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் படிக்கப் படிக்கச் சேர்த்தேன். மாணிக்கம் சோறு வடித்தது. ராக்கெட் வருகிறதா என்று சந்தவாசல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி வாசலில் நின்று பார்த்தது. செவ்வாய்க் கிரகத்துத் திருடர்கள் வந்தபோது ஒருவனைக் காலைப் பிடித்துச் சுழற்றி இன்னொருவன் மேல் அடித்தது. அன்று நெய்த துணியில் ஊசி நுழையாது, அவ்வளவு இறுக்கம். அதோடு கதிர் போகும்போது ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனதாகவும் வைத்தேன். அந்தப் பிள்ளையை மாணிக்கம் வளர்த்தது. தலைவாரியது, ஜுரத்தில் இரும்பு நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் அடித்த வாத்தியாரின் கதவை உடைத்தது. பிள்ளைக்காக வாத்தியார் கதவை உடைத்தவனை உனக்குத் தெரியும்தானே? கதவு அவ்வளவு பலமான கதவு இல்லை, ஆனால் உடைத்தேன்.

இப்போது கேட்கிறவர்களின் கதையைக் கேள். கோபால் என்று என் பக்கத்துத் தறிக்காரன், கல்லுப் பிள்ளையார் மாதிரி ஆள், மாணிக்கத்தின் தோள் மூட்டு தேய்ந்துபோன வாரம் அழுதுகொண்டே நெய்தான். அவன் மனைவி கன்றுக்குட்டிக்கு மாணிக்கம் என்று பெயர் வைத்தாள். பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பெண்களிடம், "இன்னாமே, ராக்கெட் ஏறிப் போனவன நெனச்சிகினு கீறியா?" என்று வம்பு பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி, "எதிர்ல உக்காந்துகினு இருக்கறவன நெனச்சே ஒண்ணும் நடக்கல, போனவன நெனச்சி இன்னா ஆவப்போவுது?" என்று திருப்பிக் கொடுத்தாள். சேகர், இதை நீ குறித்துக்கொள்: மல்லிகா கதை படிப்பவள். அவள் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து காபி கேட்காதே. எழுந்து நீயே போடு. இயந்திரம் போட்ட காபி என்று அவள் சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்.

அடுத்த தெருக் கொட்டகையில் படிக்கிற ஆள் ஏகாம்பரம். அவனும் அரைப் படிப்புத்தான், என்னைவிட அரை வகுப்புக் குறைவு. அவனும் சேர்த்துத்தான் படித்தான். கதிரைக் குஸ்தி வீரனாக்கினான், தெலுங்கு பேச வைத்தான், நட்சத்திரத்தில் ராட்சசர்களோடு மோத வைத்தான். இரண்டு தெருவுக்கும் ரொம்ப நாளாக ஆகாது. டீக்கடை வேறு, கோயில் வரிசை வேறு. அதனால் ஒரே பத்திரிகையை வாங்கிக்கொண்டு இரண்டு தெருவும் இரண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுவது வழக்கம். கதிர் திரும்பி வருகிறான், போனபோது இருந்த அதே வாலிபம். சந்திரிகாவுக்கு நரைத்துவிட்டது. கதவைத் தட்டுகிறான். இயந்திரம் போய்க் கதவைத் திறக்கிறது, "இனி என் வேலை முடிந்தது" என்கிறது, மூலையில் போய் நின்று தன் விசையைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அவ்வளவுதான். முற்றும். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், வேறு ஒன்றும் இல்லை. கொட்டகையே ஊடை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "இன்னாண்ணே, படி" என்கிறான் கோபால். படித்தேன். கதிர் கதவைத் தட்டினான். மாணிக்கம் திறந்தது. "யார் நீ?" என்றது. "நான்தான் இந்தப் பிள்ளையின் அப்பன்" என்றான் கதிர். மாணிக்கம் அவனை ஓங்கி ஓர் அறை விட்டது. தாடை எலும்பு நான்காகப் பிளந்தது. வலது கையைத் திருகிப் பிடுங்கி நிலாவுக்கு வெளியே வீசியது. அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீதி உடம்பைத் தூக்கி ராக்கெட்டுக்குள் அடைத்து, போன வழியே திருப்பி அனுப்பியது. நான் படித்து முடித்ததும் கொட்டகை முழுக்க விசில். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன், யார் கேட்டும் தரவில்லை.

அன்றைக்கென்று எங்கள் டீக்கடை மூடியிருந்தது. வெற்றிக் களிப்பில் எல்லோரும் காதர் பாய் கடைக்குப் போனோம். அது அவர்கள் கடை. ஏகாம்பரம் ஆட்கள் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார்கள், அவர்களுக்கும் களிப்பு. முனை தேய்ந்த நாடாவைக் கொல்லனிடம் காட்ட ஏகாம்பரம் கையில் வைத்திருந்தான். கோபால் சும்மா இருக்காமல், "இன்னா ஏகாம்பரம், உங்காளு கதிரு ஒரு கையோட போய்ட்டானே?" என்றான்.

"எவன் கை போச்சு? கதிருக்குக் கல்யாணம் ஆயிட்ச்சு. மேளதாளத்தோட."

"கல்யாணமா? தாடை நாலா போச்சிடா!"

"டேய், வாய்க்கு வந்தபடி பொய் பேசாத. மெசினு மூலைல நின்னு செத்துப்போச்சு. எங்காளு படிச்சாரு" என்று ஏகாம்பரத்தின் ஆள் ஒருவன் எழுந்தான்.

"எங்காளு படிச்சாரு, மெசினு சாவல."

காதர் பாய், "பேஜார் பண்ணாதீங்கப்பா, கத தானே, ஜல்தியா டீய குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஏகாம்பரம் என்னைப் பார்த்து, "மெசினு கதவத் தொறந்துச்சு, வேல முடிஞ்சுதுன்னு ஒதுங்கிக்கிச்சு. அதான் மரியாத. எஜமானன் வந்தா வேலக்காரன் ஒதுங்கத்தான வேணும்?" என்றான். நான் எழுந்தேன். "அப்ப அந்தப் புள்ளைய யாருடா வளத்தது?" என்று கத்தினேன். என் குரல் கோட்டை மதிலில் பட்டுத் திரும்பி வந்தது, பொய் இல்லை. அவன் ஆட்கள் எல்லாம், "எந்தப் புள்ள? கதையில ஏதுடா புள்ள?" என்று சிரித்தார்கள். ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. என்னவோ பேச வந்தவன் நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தான். அந்த நேரம் பார்த்து என் முஷ்டி அவன் வாயில் இறங்கியது.

பல் இரண்டும் டீ கிளாசுக்குள் விழுந்தன. ரத்தம் டீயில் கலந்து கிளாஸ் வழிந்தது. அவன் கையிலிருந்த நாடா வந்து என் புருவத்தைக் கிழித்தது. அதன் இரும்பு முனை கண்ணுக்கு ஒரு நெல் தள்ளித் தப்பியது. பிறகு யாரை யார் அடித்தார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் மட்டும் பன்னிரண்டு பேரை அடித்தேன்; கோபால் நாலு பேர் என்பான், அவன் எண்ணிக்கையில் எப்போதுமே மந்தம். பெஞ்சு ஒருவன் முதுகில் இரண்டாக முறிந்தது. ஒருவன் காதுமடல் இன்னொருவன் பல்லில் இருந்தது. கோபாலின் தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த விறகு மாதிரி. பட்டு நூலைத் தவிர வேறெதையும் தொடாத விரல்கள், சேகர், அடுத்தவன் கழுத்தில் இறுகிக் கிடந்தன. ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே கடையிலிருந்து தெருவுக்கு வந்து, ஏகாம்பரம் வீட்டு வாசல்வரை உருண்டோம். கையில் கல் வந்துவிட்டது. அடுத்த அடியில் யாராவது ஒருவன் செத்திருப்பான்.

ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மாவும் மகளும் அங்கே பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். சில புடவைகளுக்குச் சேர்த்தாற்போல் நெடுக்கில் ஓடும் பட்டு இழைகள் முழுவதும், தெரு நீளத்துக்கு. கன்னியம்மா எங்களைத் தடுக்கவில்லை, அழவில்லை, கத்தவில்லை. "மல்லி, குறுக்க இழுத்துகினு வாடீ" என்றாள் மகளிடம். இருவரும் பாவை இரண்டு முனையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் கூட்டத்துக்கு நடுவில் நேராக நடந்து வந்தார்கள். அவ்வளவுதான். கல்லைத் தூக்கியவன் தூக்கிய கையோடு நின்றான். ஆரணியில் மனிதன் மேல் காலை வைப்பவன் உண்டு. பாவின் மேல் காலை வைப்பவன் பிறக்கவில்லை. ஓர் இழை அறுந்தால் ஒரு வீடு எத்தனை நாள் குனிந்து முடிச்சுப் போட வேண்டும் என்று அங்கிருந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். பாவு நடுவில் தொய்ந்தது. யாரும் சொல்லவில்லை, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் ரத்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தரையில் படாமல் அதைத் தாங்கிப் பிடித்தோம். என் புருவத்திலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது. அரக்கு நிறப் பாவு, கறை தெரியவில்லை. ஏட்டு விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தபோது நாங்கள் எல்லோரும் கிழிந்த சட்டையோடு பாவைப் பிடித்தபடி நின்றோம். "இங்க கொல விழுதுன்னு சொன்னாங்களே?" என்றார். முன்பல் போன ஏகாம்பரம், "பாவு நீட்டுறோம் சார்" என்றான்.

அன்று அந்தப் பாவின் முனையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்து ரத்தத்தைப் பார்த்துக் கண்ணைக்கூட இமைக்காமல் நடந்து வந்தவள்தான் உன் பெண். பிற்காலத்தில் கோபம் வந்து நீ கையை ஓங்கினால் அவள் அழுவாள் என்று நினைக்காதே. அவளிடம் பாவு இருக்கும்.

அதற்குப் பிறகு ஏகாம்பரமும் நானும் பேசவில்லை. உன் கடிதத்துக்கு மறுநாள் அவனே நம் வீட்டுக்கு வந்தான். பொய்ப்பல் கட்டியிருக்கிறான், என் புண்ணியத்தில் முன்னைவிட அழகாக இருக்கிறான். நான் பாய் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"பொண்ணு குடுக்கறன். ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் கதையில புள்ள இருந்துதா, இல்லியா?"

"நல்லா இருந்துது" என்றேன்.

"யோவ்."

"...இல்ல."

"எனக்குத் தெரியும்யா. நானும் அதே பொஸ்தகத்தத்தான படிச்சன். நீ டீக்கடையில, புள்ளைய யாரு வளத்ததுன்னு கத்தினப்பவே புரிஞ்சு போச்சு. இவன் கதைய பேசலடா, வேற பேசறான்னு வாய மூடிக்கினேன். நான் வாய மூடின நேரத்துல நீ பல்ல ஒட்ச்ச."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ எதுக்குய்யா அந்தக் கதிர அப்பிடித் தூக்கி வெச்சி ஆடின?" என்று கேட்டேன்.

"நான் இந்தக் குழிய வுட்டு எங்கயும் போனதில்ல. போனவன எனக்குப் புடிச்சுது" என்றான். பிறகுதான் உட்கார்ந்தான். "உங்கண்ணன் வரட்டும், சந்தோசம். ஆனா அந்த மெசினு மேடையில நிக்கலன்னா நான் தார வாத்துத் தர மாட்டன். இத உம்புள்ளைக்கு எழுதிடு."

எழுதிவிட்டேன். அவன் சொன்னதற்காக இல்லை, அவன் சொல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன். உன் அப்பா என் அண்ணன். கெட்டவன் இல்லை. உன் அம்மா செத்துப்போன வீட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது, உன்னை என் கையில் விட்டுவிட்டுப் பம்பாய்க்கு ஓடினான், அங்கிருந்து கடல் தாண்டினான். வந்தால் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாலை போட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிடுவேன். அவன் தாடைக்கும் கைக்கும் ஓர் ஆபத்தும் வராது என்று எழுதிக் கொடுக்கிறேன். அந்த எழுத்தாளர் கதவைத் திறக்க வைத்தது சரி. மூலையில் நிற்க வைத்ததுதான் தப்பு. அந்தத் தப்பை நான் அன்றைக்கே திருத்திப் படித்துவிட்டேன், இன்றைக்குப் போய் அதையே செய்வேனா? மேடையில் அவன் உனக்கு வலப்பக்கம் நிற்கட்டும். இடப்பக்கம் நான் நிற்பேன். ஒதுங்க மாட்டேன், சேகர். பந்தி பார்க்கவும் போக மாட்டேன், அதைக் கோபால் பார்த்துக்கொள்வான்.

இதைக் கொட்டகையில் படித்து முடித்தேன். என் தறியில் இறங்கியிருந்த பையன் எழுந்து வந்து, "அண்ணே, நீங்க படிக்கச்ச நெய்ஞ்சிட்டன், வந்து பாருங்க" என்றான். போய் விரலால் தடவிப் பார்த்தேன். முதலில் இருந்து இறுக்கம், சண்டை வரைக்கும் அப்படியே. ஏகாம்பரம் வீட்டுக்கு வந்த இடத்தில் தளர்ந்துபோயிருக்கிறது. மேடைக்கு வந்த இடத்தில் மறுபடியும் இறுகியிருக்கிறது. அதை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகூர்த்தப் புடவைக்கு அந்தத் தறிதான்.

விசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்
உன் சித்தப்பன்